கசிந்த கேம் குரூப்புக்குள் வந்தால்: மதுரை கேமர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் எந்த கேமிங் குரூப்பில் சேர்ந்தாலும் முதல் சில நாளுக்குள் ஒரு லீக், அதாவது கம்பெனி வெளியிடும் முன்பே கசிந்த விஷயம், கண்ணில் பட்டுவிடும். ஒருவர் ஜிடிஏ 6 கேமின் வீடியோ என்று போடுவார். இன்னொருவர் அடுத்த அப்டேட்டின் ஏபிகே (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) என்று டிரைவ் லிங்க் தருவார். சேர்ந்தவுடன் இதில் எதைத் திறக்கலாம், எதைப் பற்றிப் பேசலாம், எதைப் பார்த்ததும் அட்மினைக் கூப்பிட வேண்டும் என்று பிடிபடாது. பழைய ஆட்களும் "விடு மாப்ள, எல்லாரும் பாத்துட்டாங்க" என்று சொல்லிக் குழப்பிவிடுவார்கள்.

விதி ஒரு வரிதான். கசிந்ததைப் பற்றிப் பேசலாம். கசிந்த பொருளைக் கைமாற்றக் கூடாது. இதை எதிர்த்து யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எது பேச்சு, எது பொருள் என்கிற இடத்தில்தான் சலம்பல் ஆரம்பிக்கும்.

எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள்

"உண்மையா, ஃபேக்கா?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது எப்படி வெளியே வந்தது என்பது. வந்த வழியைப் பொறுத்துத்தான் நடந்துகொள்ளும் முறை மாறும்.

பொதுவில் கிடக்கும் தடயம் எதையும் தாராளமாகப் போடலாம். ஒரு நாட்டின் வயதுத் தரச்சான்று வாரியம் பெயரை வெளியிட்டுவிடும், ஆன்லைன் கடை தேதியோடு பக்கத்தைத் திறந்துவிடும், கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தில் ஒரு வார்த்தை தவறி விழும். இதில் யாருடைய பூட்டையும் யாரும் உடைக்கவில்லை. லிங்கோடு போடுங்கள்.

டேட்டாமைனிங் அடுத்த வகை. எல்லாருடைய போனிலும் கணினியிலும் ஏற்கெனவே இறங்கிவிட்ட அப்டேட் ஃபைலுக்குள் துழாவி, இன்னும் திறக்கப்படாத ஸ்கின், மேப், வசனம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பது. இதற்கென்று இருக்கும் தனி அறையில் பேசலாம். ஆனால் ஒவ்வொரு பதிவிலும் "வராமலும் போகலாம்" என்ற குறிப்பு இருக்க வேண்டும். வெட்டி எறிந்த பகுதிகளின் மிச்சம் ஃபைலுக்குள் வருடக்கணக்காகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வருகிறது என்று சத்தியம் செய்தவர்கள் எல்லா குரூப்பிலும் உண்டு. உருவி எடுத்த மாடல், ஆடியோ ஃபைல்களைப் பகிர்வது பொருளைக் கைமாற்றும் கணக்கில் சேரும். அது வேண்டாம்.

மூன்றாவது வகையில் ஒருவர் கொடுத்த வாக்கு மீறப்பட்டிருக்கும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட டெஸ்டர் எடுத்த ஸ்கிரீன்ஷாட், வெளியீட்டு நாளுக்கு முன்பே கைக்கு வந்த டிஸ்க்கிலிருந்து எடுத்த வீடியோ போன்றவை. 2019-இல் போக்கிமான் ஸ்வோர்ட், ஷீல்டு கேம்களின் கையேடு அச்சில் இருந்தபோதே அதன் பக்கங்களைப் போனில் படமெடுத்து டிஸ்கார்டில் விட்டார்கள். வழக்கு போய், 2021-இல் இரண்டு பேர் ஆளுக்கு 1,50,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு முடிந்தது. ஒருவர் படம் எடுத்தவர், இன்னொருவர் அதை வாங்கிப் போட்டவர். "நான் எடுக்கல, ஃபார்வர்டுதான் பண்ணேன்" என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது ஆளை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசி வகை, உடைத்து எடுத்தது. 2022 செப்டம்பர் 18 அன்று ஜிடிஏ 6-இன் அரைகுறை வீடியோக்கள் 90 வரை வெளியே கொட்டின. மறுநாள் அந்த கேமை உருவாக்கும் ராக்ஸ்டார் கம்பெனியே தங்கள் நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்ததை ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில் இன்சோம்னியாக் என்ற கேம் ஸ்டூடியோவின் ஃபைல்களைத் திருடிய ரான்சம்வேர் கும்பல், பணம் கிடைக்காததால் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபைல்களைக் கொட்டியது. மொத்தம் 1.67 டெராபைட். இந்த வகையில் படம், வீடியோ, பில்ட் (உருவாக்கத்தில் இருக்கும் கேமின் நகல்), லிங்க் எதற்கும் இடம் கிடையாது. செய்தி நிறுவனங்கள் எழுதியதைப் பகிர்ந்து பேசலாம், அவ்வளவுதான்.

எந்த வகை என்று தெரியவில்லையா? கடைசி வகை என்று வைத்துக்கொண்டு, போடுவதற்கு முன் அட்மினிடம் தனியாகக் கேளுங்கள். "அண்ணே, இது ஓகேவா?" என்று ஒரு வரி போதும். அப்படிக் கேட்கும்போது ஃபைலை அனுப்பாதீர்கள். இன்ன கேம், இன்ன மாதிரி வீடியோ, இன்ன தளத்தில் பார்த்தேன் என்று எழுத்தில் சொன்னால் போதும். கேட்பதற்காக அனுப்பினாலும் அது இன்னொரு நகல்தான்.

ஸ்பாய்லரை மறைத்து எழுதுவது

ஸ்பாய்லர் என்றால் கதையை முன்கூட்டியே உடைத்துவிடும் தகவல். பேசலாம் என்று ஆன பிறகும், கதை தெரியாமல் விளையாட நினைப்பவரின் கண்ணில் அது விழக்கூடாது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2 வெளிவந்தது 2020 ஜூன் 19-இல். கதையின் பெரிய திருப்பங்கள் ஏப்ரலிலேயே கசிந்துவிட்டன. லீக்கைத் தேடிப் போகாதவர்களும் சம்பந்தமே இல்லாத ஒரு கமெண்டில் முடிவைப் படித்துத் தொலைத்தார்கள்.

நம் ஊர் குரூப்புகள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகின்றன. சிக்கலும் அங்கேதான், ஏனென்றால் நோட்டிஃபிகேஷனில் மெசேஜின் முதல் வரிகள் தெரிந்துவிடும். பூட்டிய திரையிலேயே வில்லன் யார் என்று ஓடும். அதனால் இப்படி எழுதுங்கள்:

ஸ்பாய்லர் / கேம் பெயர் / எந்தப் பகுதி (கதை, மேப், ஆயுதம்) / எந்த வகை லீக்
.
.
.
(இப்படி 20, 25 வரி, வரிக்கு ஒரு புள்ளி)
.
விஷயம்

வெறும் வெற்று வரி விடுவதைவிடப் புள்ளி வைப்பது பாதுகாப்பு. மெசேஜ் நீளமானால் வாட்ஸ்அப் அதை மடித்து, மீதியைப் படிக்கத் தட்டும்படி வைத்துவிடும். யாராவது அதற்கு ரிப்ளை செய்தாலும் மேற்கோளில் தெரிவது முதல் வரிகள்தான், அதாவது எச்சரிக்கைதான். முதல் வரியில் கேம் பெயரும் பகுதியும் கட்டாயம் இருக்க வேண்டும். வெறுமனே "ஸ்பாய்லர்!!!" என்று போட்டால், எதற்கான ஸ்பாய்லர் என்று பார்ப்பதற்காகவே ஆள் திறந்துவிடுவார்.

படம் என்றால் ஒரு முறை மட்டும் பார்க்கும் வசதியில் அனுப்புங்கள். அதில் முன்னோட்டம் தெரியாது. படத்துக்கு மேலே எச்சரிக்கையைத் தனி மெசேஜாகப் போடுவது மறக்கக் கூடாது. யூடியூப் லிங்க் ஒட்டும்போது கீழே சிறு படம் வந்து நிற்கும்; பல நேரம் அந்தச் சிறு படமே முழு ஸ்பாய்லர். அதன் மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டி எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

டிஸ்கார்டில் வேலை எளிது. எழுத்தின் இரு பக்கமும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டால் கறுப்புப் பட்டைக்குள் போய்விடும். படத்தை ஏற்றுமுன் ஸ்பாய்லர் என்று குறிக்கும் வசதி உண்டு. லிங்கைக் கோண அடைப்புக்குள் வைத்தால் முன்னோட்டப் படம் வராது. திரெட் தலைப்பை மட்டும் யாரும் யோசிப்பதில்லை: உள்ளே எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, தலைப்பில் "இன்னார் சாவது பற்றி" என்று எழுதி வைப்பார்கள். டெலிகிராமில் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் வடிவமைப்பில் ஸ்பாய்லர் இருக்கும், படத்துக்கும் உண்டு.

எத்தனை நாள் மறைப்பது? வெளிநாட்டுக் குழுக்கள் பலவற்றில் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று வைப்பார்கள். நமக்கு அது போதாது. பெரிய கேம் ஒன்று 5,000 ரூபாயைத் தொடும் நிலையில், தள்ளுபடிக்கோ பழைய டிஸ்க்குக்கோ காத்திருப்பவர்தான் இங்கே அதிகம். மார்ச்சில் வந்த கேமைப் பொதுத்தேர்வு முடியாமல் பிளஸ் 2 பையன் தொடக்கூட முடியாது. வெளியான நாளிலிருந்து இரண்டு மாதம் என்று வைப்பதே நியாயம்.

ஏபிகே, ஜிப், "பிளே பண்ணலாம் பாஸ்"

அதிகம் அடிபடுவது இங்கேதான். கம்பெனிக்கு நேரும் நஷ்டம் இருக்கட்டும், முதலில் போவது உங்கள் வீட்டுப் பணம்.

ஜிடிஏ 6 பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ்-க்கும் மட்டுமே அறிவிக்கப்பட்டது. மொபைல் பதிப்பு என்று ராக்ஸ்டார் எதையும் அறிவிக்கவில்லை. ஆக, "ஜிடிஏ 6 மொபைல் லீக்" என்று வரும் ஏபிகே எதுவும் ஜிடிஏ 6 கிடையாது. அளவைப் பார்த்தாலே தெரியும்: இந்தக் காலத்துப் பெரிய கேம் பல பத்து ஜிபி வரும், குரூப்பில் சுற்றுவது சில பத்து எம்பிதான் இருக்கும். நிறுவினால் முதலில் "அணுகல்தன்மை" அனுமதி கேட்கும், அப்புறம் எஸ்எம்எஸ் படிக்கக் கேட்கும். துப்பாக்கி சுடும் கேமுக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு? இந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்கள் பெயரில் பட்டனைத் தட்டவும், ஓடிபியை எடுக்கவும் அதற்கு வழி கிடைத்துவிடும். அப்பாவின் போனில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதே போனில்தான் யுபிஐயும் இருக்கும்.

கணினியில் வேறு வித்தை. விண்டோஸ் ஃபைலின் வால்பெயரைக் காட்டாது, அதனால் "டிரெய்லர்.எம்பி4.இஎக்ஸ்இ" என்ற ஃபைல் "டிரெய்லர்.எம்பி4" என்று வீடியோ வேஷத்தில் நிற்கும். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவில் வால்பெயரைக் காட்டும்படி மாற்றிவையுங்கள். ஒரு நிமிட வேலை. பாஸ்வேர்டு போட்ட ஜிப், பக்கத்திலேயே அந்தப் பாஸ்வேர்டு, "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணவும்" என்ற குறிப்பு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவதே ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான்.

திறந்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். போனில் திறந்திருந்தால் உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்ததா பாருங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங்கை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடியுங்கள். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. ஏபிகேயின் பெயர், அது வந்த மெசேஜ், நேரம் ஆகியவற்றை வேறு போனால் படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகுதான் ஃபேக்டரி ரீசெட். அணுகல்தன்மை அனுமதி கொடுத்திருந்தால் வெறும் அன்இன்ஸ்டாலை நம்ப வேண்டாம்.

கணினி என்றால் நெட் வயரைப் பிடுங்குங்கள். பாஸ்வேர்டை அதே கணினியில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் சேர்ந்து போகும், வேறு கருவியில் மாற்றுங்கள். ஸ்டீமில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். இவ்வகை வைரஸ் பாஸ்வேர்டைத் திருடுவதோடு நிற்காமல், பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் லாகின் குக்கியையும் (மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் அடையாளம்) எடுத்துவிடும். அதனால்தான் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்தவர்களின் கணக்கும் பறிபோகிறது. இது நடந்தது அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ ஒரு கேமிங் சென்டரில் என்றால் உரிமையாளரிடம் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு முன்னால் அதே சீட்டில் உட்கார்ந்தவரின் லாகினும் அதில் இருக்கலாம்.

ஊழியர் விவரம் வந்தால்

இதில் விதிவிலக்கு கிடையாது. இன்சோம்னியாக் கசிவில் ஊழியர்களின் பாஸ்போர்ட் நகல்கூட இருந்தது. 2024 அக்டோபரில் போக்கிமான் கேம்களை உருவாக்கும் கேம் ஃப்ரீக் விஷயத்தில் 2,606 பேர் விவரம் போனதாகக் கம்பெனியே அறிவித்தது. கசிந்த மூட்டையை "கேம் சம்பந்தமா மட்டும் பாக்கலாம்" என்று யாராவது பிரித்துக் கொடுத்தாலும், உள்ளே யாருடைய முகவரி, சம்பளம், மெடிக்கல் சீட்டு இருக்கிறது என்று பிரித்தவருக்கே தெரியாது. பெயரை மறைத்துப் போடுவது, சாட்சிக்காக ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்வது எதுவும் வேண்டாம். அட்மினுக்கு எழுத்தில் சொல்லிவிட்டு உங்கள் கேலரியில் இறங்கியதையும் அழித்துவிடுங்கள்.

டெவலப்பர்களின் பக்கத்துக்குப் போய் லீக்கைக் காட்டிக் கேலி செய்வதும் இதே கணக்கு. ஜிடிஏ 6 வீடியோக்கள் வந்தபோது "கிராஃபிக்ஸ் கேவலம்" என்று பேசினார்கள். அதற்குப் பதிலாகக் கன்ட்ரோல், கல்ட் ஆஃப் தி லாம்ப் போன்ற கேம்களை உருவாக்கியவர்கள் தங்கள் கேம் பாதியில் எப்படிக் கண்றாவியாக இருந்தது என்று வீடியோ போட்டுக் காட்டினார்கள். பெட்டி பெட்டியாகச் சாம்பல் நிறத்தில் நிற்பதுதான் எல்லா கேமின் குழந்தைப் பருவமும்.

உங்கள் குரூப்பிலேயே ஒருவர் டெஸ்டிங் வேலையில் இருந்து, ஆர்வத்தில் எதையாவது போட்டுவிட்டால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். பல பில்ட்களில் யாருக்குக் கொடுத்த நகல் என்று காட்டும் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் பதிந்திருக்கும். மூலையில் உள்ள எண்ணை வெட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்பது மூடநம்பிக்கை. தனி மெசேஜில் "தம்பி, அதை இப்பவே எடுத்துருப்பா, வேலைக்கு ஆபத்து" என்று சொல்வதுதான் செய்ய வேண்டிய உதவி.

சோர்ஸ் கோட்: படிக்கவும் வேண்டாம்

இது குறிப்பாக நம் இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. 2023 டிசம்பர் 24-இல் ஜிடிஏ 5-இன் சோர்ஸ் கோட், அதாவது கேமை எழுதிய மூல நிரல், கசிந்தது. 2003-இல் ஹாஃப் லைஃப் 2-க்கும் இதே கதி நேர்ந்தது, அந்த கேம் வெளிவர 2004 நவம்பர் ஆகிவிட்டது. கற்றுக்கொள்ளத்தானே என்று தோன்றும். ஆனால் நாளைக்கு நீங்கள் சொந்தமாக ஒரு மாட், எமுலேட்டர், கேம் எஞ்சின் எழுதினால், திருடிய கோடைப் பார்த்து எழுதவில்லை என்று நிரூபிக்க முடியாது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டம், மைக்ரோசாஃப்டின் கோடைப் பார்த்தவர்களின் பங்களிப்பை ஏற்பதில்லை. காரணம் இதுதான். படிக்க ஆசை என்றால், டூம், குவேக் போன்றவற்றின் கோடை உரிமையாளர்களே திறந்து விட்டிருக்கிறார்கள். அதில் கற்க ஒரு வருடம் போதாது.

சட்டம் எங்கே நிற்கிறது

கணினி நிரலும் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 1957-இன் கீழ் பாதுகாக்கப்பட்ட படைப்பு. அதன் 63-ஆம் பிரிவு, தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66பி பிரிவு, திருடப்பட்ட கணினி வளத்தைத் தெரிந்தே நேர்மையின்றிப் பெற்று வைத்திருப்பதற்கானது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டவரைத் தேடி நாளைக்கே போலீஸ் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கேம் ஃபைலைக் கொடுத்து வாங்குவதும் அதற்குக் காசு வாங்குவதும் அந்த ஸ்கிரீன்ஷாட் மாதிரி லேசான விஷயம் இல்லை. யூடியூப் சேனல் வைத்திருப்பவருக்கு அடி வேகமாக விழும்: 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும்.

அட்மின்கள் அடிக்கடி கேட்பது, "யாரோ போட்டதுக்கு நானா பொறுப்பு?" மேலூர் ரோட்டில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் வழக்கில் இதைத் தொட்டது. அட்மினாக இருந்தது மட்டுமே அவர் பங்கு என்றால், உறுப்பினர் போட்ட பதிவுக்காக அவர் பெயரை வழக்கில் வைக்கக் கூடாது என்பது சாரம். அது காப்புரிமை வழக்கு இல்லை. அதோடு, லிங்கை பின் செய்து வைத்து "சூப்பர் தலைவா" என்று எழுதிய அட்மின், அட்மினாக மட்டும் இருந்தவர் ஆக மாட்டார்.

அட்மின் செய்ய வேண்டியது

லிங்கோ ஃபைலோ வந்தால் எல்லாருக்கும் அழியும்படி நீக்குங்கள். யார், எப்போது, என்ன பெயருள்ள ஃபைல், எந்தத் தளத்து லிங்க் என்பதை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குரூப்பில் ஒரே வரி: "லிங்க் எடுத்தாச்சு. கேமைப் பத்திப் பேசலாம், லிங்க் வேணாம்." அதற்கு மேல் உபதேசம் செய்தால் விவாதம் லீக்கை விட்டு அட்மின் மேல் திரும்பிவிடும். முதல் தடவைக்கு இது போதும், இரண்டாவதுக்கு ஒரு வாரம் வெளியே. ஏபிகே, ஊழியர் விவரம் என்றால் முதல் தடவையே வெளியே. நீக்கினாலும் ஏற்கெனவே இறங்கிய படம் உறுப்பினர்களின் போனில் இருந்துவிடலாம். அதனால் சேரும்போதே மீடியா தானாக இறங்குவதை அணைக்கச் சொல்லிவிடுங்கள்.

பெரிய கசிவு நாளில் குரூப்பை அட்மின் மட்டும் எழுதும் நிலைக்கு மாற்றி, லீக்குக்கென்று ஒரு தனி குரூப் திறந்து, விரும்புகிறவரை அங்கே போகச் சொல்லுங்கள். இந்த நேரங்கள் நமக்கு ஒத்து வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜிடிஏ 6-இன் முதல் டிரெய்லர் 2023 டிசம்பர் 5 மாலை வர வேண்டியது. அன்று விடிகாலை நாம் தூங்கிக்கொண்டிருந்தபோது கசிந்து, ராக்ஸ்டார் அவசரமாகத் தானே வெளியிட்டுவிட்டது. எல்லா அட்மினும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் தூங்கினால் குரூப்பைப் பார்க்க ஆள் இருக்காது. சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவருக்கு அட்மின் பொறுப்பைக் கொடுத்து வையுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அட்மினில் பாதிப் பேர் போனைத் தொட மாட்டார்கள்.

கேம் முறைப்படி வெளியான பிறகு தனி குரூப்பை உடனே மூடாதீர்கள். இரண்டு மாதம் முடிந்ததும் உரையாடல்களைத் திறந்த குரூப்புக்குக் கொண்டுவரலாம். கசிந்த ஃபைல்களுக்கு மட்டும் அந்த இரண்டு மாதம் பொருந்தாது. நின்டெண்டோவின் 90-களின் பழைய மாதிரிகள் கசிந்ததை வைத்துப் பேச எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அந்த மூட்டைக்கான லிங்கை இன்று போட்டாலும் நீக்கித்தான் ஆக வேண்டும்.